மனோரஞ்சிதத்தின் இருபது நாள் மறியல்

என் மனைவி சிறையில், எங்கள் பேச்சில் சொன்னால் மறியலில், இருந்த இருபது நாளும், அவள் சிதம்பரத்துக்கு நேர்த்திக்கடன் தீர்க்கப் போயிருக்கிறாள் என்று நான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு பெண், வரும்போது இரண்டு ரவிக்கை தைப்பித்துக்கொண்டு வரச் சொல்லி அளவு அனுப்பினாள். அதையும் வாங்கி வைத்தேன். ஒரு பொய்யைச் சொன்னால் அதற்குச் சோறு போட்டு வளர்க்கவும் வேண்டும், வேறு வழியில்லை.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் என்னைத் திட்டலாம். என் பெயர் நித்தியானந்தன். இருபத்தாறு வருடமாக டென்மார்க்கில், சில்க்போர்க் நகரத்தில் பஸ் ஓட்டுகிறேன். இந்தக் கதை தொடங்கும் மட்டும் ஒரு விபத்து இல்லை, பயணிகளிடமிருந்து ஒரு முறைப்பாடு இல்லை. ஐம்பது என்று பலகை சொன்னால் நாற்பத்தெட்டில் போவேன். வயதானவர்கள் ஏறி, இருக்கையில் இருந்து, கைப்பையை மடியில் வைத்து முடியும் மட்டும் காத்திருப்பேன். வாரம் முழுக்க இப்படி அடங்கி ஓடுபவன் ஞாயிற்றுக்கிழமை சொந்தக் காரில் ஏறினால் என்ன நடக்கும் என்று பஸ் ஓட்டுகிறவர்களைக் கேளுங்கள், சொல்லுவார்கள்.

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்ணர் அழகரத்தினத்தின் மகன் சுஜிந்தனுக்கு ஸ்கீவ என்ற ஊரில் கலியாணம். அண்ணி காலமாகிவிட்டதால் கூறைத்தட்டு ஒரு சுமங்கலி வீட்டிலிருந்து வரவேண்டும் என்று ஐயர் சொல்லிவிட்டார். ஆகவே கூறைச் சேலையும் தாலியும் எங்கள் வீட்டுச் சாமி அறையில் இருந்தன. முகூர்த்தம் பதினொன்று பத்தோடு முடிகிறது. ஸ்கீவவுக்குப் போக ஒரு மணித்தியாலம் வேண்டும். ஒன்பதரைக்கே மனோரஞ்சிதம் பட்டுச் சேலையோடு வாசலில் நின்றாள். நான் பத்தேகாலுக்குத்தான் வெளிக்கிட்டேன். மீசைக்குப் பூசிய மை காயவில்லை.

ஸ்கீவ எல்லைக்குள் ஐம்பது. நான் நூற்றிரண்டில் போனேன். இந்த நாட்டில் அனுமதித்த வேகத்தின் இரண்டு மடங்கைத் தாண்டி, நூறையும் தாண்டினால் அதற்குப் பைத்தியக்கார ஓட்டம் என்று சட்டத்திலேயே பெயர் வைத்திருக்கிறார்கள். கார் பறிபோகும். லைசென்ஸ் மூன்று வருடத்துக்கு இல்லை. இருபது நாள் மறியல். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்ததல்ல, முதலே தெரியும். பஸ் கொம்பனியில் வருடா வருடம் வகுப்பு வைத்துச் சொல்லுகிறார்கள்.

கலியாண மண்டபத்து வாசலில் காரை நிறுத்தி, எஞ்சினிலிருந்து உருவிய திறப்பை மனோரஞ்சிதத்தின் கையில் கொடுத்துவிட்டு, பின்பக்கம் போய்த் தட்டை எடுத்தேன். நிமிர்ந்தால் பொலிஸ் கார் வந்து நிற்கிறது. இரண்டு பேர் இறங்கினார்கள். வீதியோரம் நின்று வேகம் அளந்தவர்கள் காரின் இலக்கத்தைத்தான் கண்டிருக்கிறார்கள், ஓட்டியவரின் முகத்தைக் காணவில்லை. யார் ஓட்டியது என்று கேட்டார்கள். கையில் திறப்போடு நின்ற மனோரஞ்சிதம், "நான்" என்றாள்.

நான் தட்டோடு நின்றேன். முகூர்த்தம் முடிய நான்கு நிமிடம் இருந்தது. உள்ளே நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்குவது வெளியே கேட்கிறது. நான் உள்ளே போனேன். என்ன செய்யச் சொல்லுகிறீர்கள்? தாலி என் கையில் இருந்தது. அண்ணர் என்னைக் கட்டிப்பிடித்து, நீதானடா குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்றினாய் என்றார். அந்த நேரம் எடுத்த போட்டோவில் நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். வெளியே எங்கள் காரை இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு இருந்தார்கள். கியர் பெட்டி உடைந்துவிட்டது என்று எல்லோருக்கும் சொன்னோம்.

அன்றைக்கு முழுக்க எனக்கு அவளை நினைத்துப் பெருமையாக இருந்தது. எனக்கு ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாத பஸ்காரன் எதற்கு உதவுவான்? அவளோ முதியோர் இல்லத்தில் வேலை, லைசென்ஸ் தேவையே இல்லை. இந்தக் கணக்கையெல்லாம் ஒரு நொடியில் போட்டு, "நான்" என்று சொல்லிவிட்டாளே, என்ன மூளை என்று வியந்தேன். எங்களுக்குள் நன்றி சொல்லுகிற பழக்கம் கிடையாது. அதனால் சம்பல் அரைக்கிற மிக்ஸர் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அவள் அதைப் பெட்டியோடு அலுமாரிக்கு மேலே வைத்தாள்.

வழக்கு முடிந்து, அவளுக்கு இருபது நாள் என்று தீர்ப்பு வந்தது. அவள் ஒன்றும் பேசவில்லை. சண்டை பிடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கார் இல்லாததால் அவள் என் பஸ்ஸில்தான் வேலைக்குப் போனாள். ஏறுவாள், கார்டைக் கருவியில் வைப்பாள், மற்றப் பயணிகள் சொல்லுகிற மாதிரி "காலை வணக்கம்" என்று டேனிஷில் சொல்லிவிட்டுக் கடைசி இருக்கையில் போய் இருப்பாள். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஒரு நாள் ஒரு பஸ் தரிப்பில் நிறுத்தாமலே போய்விட்டேன். முதல் முறைப்பாடு அன்றைக்குத்தான் வந்தது.

இனி அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் டேனிஷ் நன்றாகக் கதைப்பேன், ஆனால் அரசாங்கக் கடிதம் என்றால் எனக்குத் தலை சுற்றும். முப்பத்திரண்டு வருடமாக எங்கள் வீட்டுக் கடிதங்களை வாசிப்பது அவள். அவள் விரல் வைக்கிற இடத்தில் கையெழுத்துப் போடுவது நான். வீடு வாங்கியது, மகளைப் பள்ளியில் சேர்த்தது, எல்லாம் இப்படித்தான். தை மாதம் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு தாளைக் கொண்டுவந்து விரலை வைத்தாள். சிறைத் திணைக்களம் கேட்கிறது என்றாள். இடது கையால் கறிக் கோப்பையைத் தள்ளிவிட்டு, வலது கையைக் கழுவித் துடைத்து, கையெழுத்துப் போட்டேன்.

மாசியில் ஒரு திங்கட்கிழமை, சின்னப் பெட்டி ஒன்றோடு மறியலுக்குப் போனாள். கடலுக்கு மேலே போகிற பெரிய பாலம் தாண்டி அங்கால், பெண்களுக்கான திறந்த சிறை. சுற்றவர மதில்கூட இல்லை.

வீட்டில் நான் பட்ட பாட்டை நீட்டிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சோற்றுக்கு எவ்வளவு தண்ணீர் என்று தெரியவில்லை. உடுப்பு தோய்க்கும் இயந்திரத்தில் பதினாறு குறிகள் இருக்கின்றன, அதில் ஒன்றுதான் சரியானது. இராத்திரி நித்திரை இல்லை. அவள் கம்பிக்குப் பின்னால் குந்தியிருந்து அலுமினியத் தட்டில் சாப்பிடுவதாக எனக்கு ஒரே யோசனை. மகளுக்குப் போன் எடுத்து அழுதேன். நிலக்சி கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் ஹ்விடோவ்ரேயில் தாதியாக இருக்கிறாள், நான் தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்லுவாள். அழுவதை விட்டுவிட்டு அம்மாவைப் போய்ப் பாருங்கள் என்றாள்.

முதல் ஞாயிறு போனேன். இரண்டு பஸ், இரண்டு ரயில். சந்திக்கிற அறையில் மனோரஞ்சிதம் வந்து எனக்கு முன்னால் கதிரையில் இருந்தாள். நான் பயந்துபோனேன். பத்து வயது குறைந்த மாதிரி இருந்தாள். ஒன்பது மணித்தியாலம் நித்திரை கொள்ளுகிறாளாம். காலையில் வயல் வெளியில் நடக்கிறாளாம். அங்கே எல்லோரும் தங்கள் சாப்பாட்டைத் தாங்களே சமைக்கவேண்டும், ஆனால் கஞ்சா வளர்த்துப் பிடிபட்ட கியர்ஸ்டன் என்ற மனுஷி, நீ வாழ்க்கையில் போதுமான அளவு சமைத்துவிட்டாய் என்று இவளையும் சேர்த்துச் சமைக்கிறாளாம். உருளைக்கிழங்கும் மண்ணிறக் குழம்பும். முப்பத்திரண்டு வருடம் என் வீட்டில் அந்தக் குழம்பைக் கண்டாலே மூக்கைப் பொத்தினவள், நன்றாக இருக்கிறது என்று சொன்னாள். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு திறப்பை எடுத்துக் காட்டினாள். அவளுடைய அறைத் திறப்பு. உள்ளே இருந்து பூட்டிக்கொள்ளலாமாம்.

நான் மனதுக்குள் பாடமாக்கிக்கொண்டு போயிருந்த மன்னிப்பெல்லாம் வீணாய்ப் போய்விட்டது. சந்தோஷமாக இருக்கிற ஆளிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது? எரிச்சல்தான் வந்தது. உப்பு எங்கே வைத்திருக்கிறீர் என்று கேட்டுவிட்டு வந்தேன்.

இரண்டாம் ஞாயிறு போனபோது வாசலில் பெயர் பதிகிற காவல் உத்தியோகத்தர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பென்டெ என்று சட்டையில் பெயர் போட்டிருந்தது, என் வயதுப் பெண். உங்களிடம் ஒன்று கேட்கலாமா என்றார். இவ்வளவு நல்ல மனுஷியை வீட்டில் வைத்திருக்க ஏன் மறுத்தீர்கள்?

எனக்கு விளங்கவில்லை. அவர் விளங்கப்படுத்தினார். இப்படிச் சின்னத் தண்டனை என்றால் மறியலுக்கே வரத் தேவையில்லையாம். காலில் ஒரு மின்பட்டி கட்டிவிட்டு வீட்டிலேயே இருக்கலாமாம், வேலைக்கும் போய்வரலாமாம். ஆனால் அதே வீட்டில் இருக்கிறவர் சம்மதம் எழுதிக் கொடுக்கவேண்டும். சம்மதமில்லை என்று கையெழுத்துப் போட்டவர் நீங்கள்தானே என்றார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அந்தக் கட்டடத்தில் இருந்த அத்தனை பேரும், கஞ்சா வளர்த்த கியர்ஸ்டன் உட்பட, என்னை ஒரு மிருகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

உள்ளே போய்க் கதிரையில் இருக்கக்கூட இல்லை, கேட்டேன். "அந்தக் கடிதத்திலை என்னைக்கொண்டு என்ன செய்விச்சனீர்?"

மனோரஞ்சிதம் ஒளிக்கவில்லை. "வீட்டிலை வைச்சிருக்கமாட்டன் எண்ட பெட்டியிலை புள்ளடி போட்டது நான். கையெழுத்து வைச்சது நீங்கள். நீங்கள் வாசிக்கமாட்டியள் எண்டு எனக்குத் தெரியும்."

"ஏனப்பா இப்பிடிச் செய்தனீர்?"

"காலிலை பட்டியைக் கட்டிக்கொண்டு, மூண்டு நேரமும் உங்களுக்குச் சமைச்சு, உங்கடை உடுப்பைத் தோய்ச்சு, நீங்கள் செய்ததுக்கு நான் வீட்டிலை மறியல் இருக்கிறதோ? அதுக்கு இது எவ்வளவோ மேல்."

நான் கதிரையில் இருந்துவிட்டேன். மன்னிப்பு என்ற சொல்லை எங்கள் ஆட்கள் மைக் வேலை செய்யாதபோது மேடையில்தான் சொல்லுவார்கள். புருசன் பெண்சாதிக்குச் சொல்லி நான் கேட்டதில்லை. என் அப்பா சொன்னதில்லை, அண்ணர் சொன்னதில்லை. அறுபத்தொரு வயதில் முதல் முறையாக நான் சொன்னேன். காதெல்லாம் சூடாகிவிட்டது.

"என்னை மன்னிச்சுக்கொள்ளும்."

"எதுக்கு?" என்றாள்.

அட, இது என்ன கேள்வி. "கார் ஓடினதுக்கு."

"அதை நான் அண்டைக்கே மன்னிச்சிட்டன். அவசரத்திலை ஓடினனீங்கள், ஒருத்தருக்கும் அடிபடேல்லை."

"பின்னை எதுக்கு?"

"யோசியுங்கோ. நான் வெளியிலை வர இன்னும் ஆறு நாள் இருக்கு. சில்க்போர்க்குக்கு வாறதோ, நிலக்சியோடை போய் இருக்கிறதோ எண்டதை அதுக்குப் பிறகு பாப்பம்."

நான்கு வாகனம் ஏறி வீட்டுக்கு வந்தேன். வழி முழுக்க அவளைத் திட்டிக்கொண்டு வந்தேன். பாலம் தாண்டும்போது என்னைத் திட்டத் தொடங்கினேன். அந்த ஆறு நாளும் நான் இருந்ததுதான் மறியல். பஸ்ஸை ஓட்டுவதும், தரிப்பில் நிற்கும்போது அவளுக்குச் செய்தது ஏதாவது நினைவு வந்தால் நேர அட்டவணையின் பின்பக்கத்தில் எழுதுவதுமாக இருந்தேன். இரண்டு குற்றம் என்று தொடங்கியது, வெள்ளிக்கிழமை நாற்பத்தொன்றில் வந்து நின்றது. இவ்வளவையும் செய்தவனைப் பார்த்தால் நல்ல மனுஷன் மாதிரித்தான் இருப்பான். எனக்கு உண்மையாகவே பயம் பிடித்துவிட்டது. அவள் இல்லாமல் அந்த வீட்டில் என்னால் இருக்க முடியாது. உப்புக்காகச் சொல்லவில்லை, உப்பை நான் கண்டுபிடித்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை அவளை விட்டார்கள். கியர்ஸ்டன் வாசல் வரை வந்து அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள், என்னை முறைத்தாள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையத்துக்கு நடந்தேன். சின்ன நிலையம். இரண்டு மேடை, நடுவில் தண்டவாளம் கடக்க ஒரு வழி. இந்தப் பக்கம் நின்றால் கொப்பன்ஹேகன், ஹ்விடோவ்ரே, மகள் வீடு. அந்தப் பக்கம் நின்றால் பாலம், யூட்லாந்து, எங்கள் வீடு. மனோரஞ்சிதம் இந்தப் பக்கத்து மேடையில் கிடந்த மர வாங்கில் போய் இருந்தாள். பெட்டியை வாங்கி எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் குற்றப் பட்டியலை வாசித்தேன். பெற்றோல் நிலையத்தில் அவள் கழிப்பறைக்குப் போக, நான் அவளை மறந்து காரை எடுத்துக்கொண்டு பதினொரு கிலோமீற்றர் போனது. பத்தொன்பது கிலோமீற்றர் என்று திருத்தினாள். நிலக்சி பிறந்த அன்று நான் ஆஸ்பத்திரிக் கதிரையில் நித்திரை கொண்டு, பிள்ளை பிறந்ததை அடுத்த அறைக்காரர் சொல்லித் தெரிந்துகொண்டது. தலையாட்டினாள். அவளுடைய தமையன் கனடாவிலிருந்து போன் எடுத்து, ஒரு கிழமை வந்து நிற்கட்டுமா என்று கேட்க, நான் வீடு திருத்துகிறோம் என்று பொய் சொன்னது.

"இது எனக்குத் தெரியாது," என்றாள்.

என் வாயில் சனி. எனக்குள்ளேயே வைத்திருந்திருக்கலாம். அவள் பெட்டியை இன்னும் கொஞ்சம் என் பக்கம் தள்ளினாள். பிறகு மிச்சத்தை வாசிக்கச் சொன்னாள். நாற்பத்தொன்றையும் வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினேன்.

"அது இதிலை இல்லை," என்றாள்.

"எனக்குத் தெரியேல்லை, மனோ. சத்தியமாய்த் தெரியேல்லை. நீரே சொல்லும்."

அவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள். "அண்டைக்குப் பொலிஸ் யார் ஓடினது எண்டு கேக்க, நான் எண்டு சொன்னன். ஏன் சொன்னன் எண்டு எனக்கே தெரியாது, வாயிலை வந்திட்டுது. இவர் இப்ப 'இல்லை, நான்தான் ஓடினனான்' எண்டு சொல்லுவார் எண்டு உங்கடை முகத்தைப் பாத்தன். நீங்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளுக்குப் போயிட்டியள். திரும்பிக்கூடப் பாக்கேல்லை."

நான் ஒன்பது மாதமாகப் புகழ்ந்த அந்தக் கணக்கு அவள் போட்டது அல்ல. நான் போட்டது. அவள் வெறுமனே எனக்காகக் காத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அழுகை வந்தது, அழுதால் அதையும் அவள்தான் துடைக்கவேண்டும் என்று அடக்கிக்கொண்டேன்.

போனை எடுத்துப் பொலிஸ் இலக்கத்தை அடித்தேன். சத்தமாக வைத்து மடியில் வைத்தேன். நீங்கள் வரிசையில் பதினான்காவது ஆள் என்று ஒரு பெண் குரல் சொன்னது. பிறகு பாட்டுப் போட்டார்கள், பியானோ. குற்றத்தை ஒத்துக்கொள்ள இவ்வளவு நேரம் காக்க வைத்தால் மனுஷன் திருந்துவானா? பதின்மூன்று. பன்னிரண்டு. ஒன்பதில் நின்றபோது எனக்கு வேர்க்கத் தொடங்கியது. இந்த வேலை போய்விடும். இருபத்தாறு வருடம், கடைசி இரண்டு வருடத்தில் போய்விடும். அண்ணருக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும், ரவிக்கை அளவு அனுப்பியவளுக்கும் தெரியும்.

ஆறாவது ஆளாக இருக்கும்போது கொப்பன்ஹேகன் ரயில் வந்தது. கதவு திறந்தது. அவள் எழும்பிப் பெட்டியைக் கையில் எடுத்தாள். என்னையும் என் மடியில் பாடிக்கொண்டிருந்த போனையும் பார்த்தாள். ரயில் போய்விட்டது, அவள் நின்றுகொண்டே இருந்தாள். பிறகு திரும்ப வாங்கில் இருந்தாள்.

நீங்கள் வரிசையில் இரண்டாவது ஆள்.

"காணும், போதும்," என்றாள் மெல்ல. "வையுங்கோ. நீங்கள் எடுத்தனீங்கள், அது காணும். வேலையை ஏன் கெடுக்கிறியள்?"

என் பெருவிரல் சிவப்புப் பொத்தானுக்கு மேலே நின்றது. அவள் உண்மையாகத்தான் சொன்னாள், சோதிக்கவில்லை. ஆனால் அன்றைக்குப் பொலிஸிடம் "நான்" என்றபோதும் அவள் சோதிக்காமல்தான் சொன்னாள். நான் கையை எடுத்து என் முழங்காலில் வைத்துக்கொண்டேன்.

பாட்டு நின்றது. ஒரு இளம் பொலிஸ்காரர் வணக்கம் சொன்னார். நான் பெயரைச் சொன்னேன். அவரால் அதை எழுத முடியவில்லை, எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னார், ஏழாவது எழுத்தில் என் குரல் உடைந்தது. ஸ்கீவவில் நடந்ததைச் சொன்னேன். நூற்றிரண்டில் போனது என் மனைவி இல்லை, நான் என்றேன். விளங்கவில்லை என்றார். எழும்பி நின்று இன்னொரு தரம் சொன்னேன், எதிர் மேடையில் நின்ற ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்த்தது. அவர் கொஞ்ச நேரம் தட்டச்சுச் செய்துவிட்டு, அந்த வேளையில் காரில் வேறு யாராவது இருந்தார்களா என்று கேட்டார்.

மனோரஞ்சிதம் என் கையிலிருந்து போனை வாங்கினாள். முதியோர் இல்லத்தில் கதைக்கிற அந்தத் தெளிவான டேனிஷில் சொன்னாள்.

"நான் இருந்தேன், பக்கத்து இருக்கையில். மெதுவாகப் போகச் சொன்னேன், இவர் கேட்கவில்லை. அதையும் எழுதுங்கள். கொஞ்சம் கெதியாக எழுதுங்கள், நாங்கள் அந்தப் பக்க மேடைக்குப் போகவேண்டும், சில்க்போர்க் பக்கம் போகிற ரயில் வருகிறது."